சட்டம் கேட்கும் பாத்திரம் பழையதல்ல

வட மாவட்டம் ஒன்றில் சாதி வெறியர்களால் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் வீட்டுக்கு, கொலை நடந்த ஐந்தாவது வாரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. வருவாய் ஆய்வாளர் அதற்கு முன்னால் இருசக்கர வாகனத்தில் வந்தார். வேனின் பக்கவாட்டில் நகரத்துச் சேவை அமைப்பு ஒன்றின் பதாகை கட்டப்பட்டிருந்தது. ஓர் அரிசி மூட்டையும் பருப்புப் பொட்டலங்களும் முதலில் இறங்கின. அதன் பிறகு மூன்று அட்டைப் பெட்டிகள் இறங்கின. அடிப்பிடித்துத் தேய்த்துக் கழுவிய அலுமினியப் பாத்திரங்கள், கைப்பிடி கழன்ற குக்கர், ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டுகள், மடித்து வைத்த பழைய புடவைகள் ஆகியவை அவற்றில் இருந்தன.

வழக்குத் தொடர்பாக நான் அன்று அங்கே இருந்தேன். “மேடம், நீங்க மனுவுல கேட்டதுதான்” என்றார் வருவாய் ஆய்வாளர். அவர் சொன்னது பொய்யல்ல. பாத்திரம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியது நான்தான்.

இளைஞரின் தாய் ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ஏதோ ஒரு குடும்பத்தின் பெயரும், திருமணத் தேதியும் வெட்டப்பட்டிருந்தன. “அரிசி அரசாங்கத்துதுன்னா வெச்சிட்டுப் போங்க. இது யாரு பேரோ வெட்டுன தட்டு. எம்பேரு வெட்டுன குடம் இந்த வீட்டுல இருந்துச்சு, அதத்தான் ஒடச்சிட்டுப் போனானுங்க” என்றார். பதாகையோடு வந்திருந்தவர்கள் கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுக்காமலேயே திரும்பினார்கள். பெட்டிகளும் திரும்பின.

அன்று மாலை அந்த ஆய்வாளர் என்னிடம் தனியே பேசினார். நிதி ஒதுக்கி உத்தரவு வர நாளாகும் என்றும், அதுவரை குடும்பம் துன்பப்பட வேண்டாம் என்று தாமே பேசி ஏற்பாடு செய்ததாகவும், அதை இப்படி அவமதித்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவர் வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன். சட்டப்படி ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய பொருள், இன்னொருவர் வீட்டு உபரியாக உருமாறி வந்து சேர்ந்ததில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. இக்கட்டுரை அந்த முரணைப் பற்றியது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் இயற்றப்பட்டு, 2016இல் திருத்தப்பட்டன. அவற்றின் 12ஆம் விதியின் 4ஆம் உட்பிரிவு, தீருதவியைப் பணமாகவோ பொருளாகவோ இரண்டாகவுமோ ஏழு நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்கிறது. விதிகளோடு சேர்ந்த முதலாம் இணைப்பில் குற்றவாரியாகத் தீருதவித் தொகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில், பலரும் கவனிக்காமல் புரட்டிவிடும் இடத்தில், கூடுதல் தீருதவி என்ற தலைப்பு இருக்கிறது. கொலை, கூட்டுப் படுகொலை, பாலியல் வன்புணர்வு, நிரந்தர ஊனம் முதலிய கொடுமைகளுக்கு உள்ளான குடும்பங்களுக்கு, சம்பவத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்து தர வேண்டியவை அதில் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. ஓய்வூதியமும் பிள்ளைகளின் கல்விச் செலவும் அதில் உண்டு. பாத்திரங்கள், அரிசி, கோதுமை, பருப்பு, பயறு முதலியன மூன்று மாத காலத்துக்கு வழங்கப்பட வேண்டும் என்ற வரியும் உண்டு.

மூன்று மாத காலத்துக்கு என்பது தானியத்துக்குப் பொருந்தும். பாத்திரத்தை மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கேட்க முடியாது. விதியை எழுதியவர்கள் அவசரத்தில் இரண்டையும் ஒரே வரியில் அடைத்துவிட்டார்கள். ஆனால் பாத்திரம் என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கொலைக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு ஏன் பாத்திரம் தேவைப்பட வேண்டும்? கீழ்வெண்மணியும் (1968) காரம்சேடும் (1985) சுண்டூரும் (1991) இந்த விதிகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. சாதிய வன்முறை உயிரோடு நிற்பதில்லை; அடுப்படி வரை வந்து போகும் என்பதை இந்த நாட்டின் சட்டம் ஒரு வரியிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

வன்கொடுமை வழக்குகளில் நான் கற்ற முதல் பாடமும் அடுப்படியில்தான். முதல் தகவல் அறிக்கையில் காவல் துறை “வீட்டு உபயோகப் பொருட்கள் சேதம்” என்று ஒரு வரி எழுதும். நாங்கள் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பட்டியல் எழுதுவோம். பித்தளைக் குடம் ஒன்று, அது தாய் வீட்டுச் சீர். கிரைண்டர் ஒன்று, அரசு கொடுத்தது. இட்லிக் குண்டான், மகளிர் குழுக் கடனில் வாங்கியது. பீரோ, பெங்களூரில் கட்டட வேலை செய்து மூன்று வருடம் சேர்த்த காசு. ஒரு பொருளின் பெயரைச் சொன்னதும் அது எப்படி வந்தது என்பதும் கூடவே வந்துவிடும். அந்தப் பட்டியல்கள் நீதிமன்றத்தில் பெரிதாக எடுபடுவதில்லை. இருந்தாலும் எழுதுகிறோம்.

அடுப்படியின் மீதான தாக்குதலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அன்றைய குடிக்கணக்கு ஆணையரான ஜே.எச். ஹட்டன் தமது நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே ஆடை தொங்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது என்ற வரிசையில், வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் ஒரு தடை. அடுத்த ஆண்டே தடைகள் பதினொன்றாயின. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் குஜராத்தின் ஜானு கிராமத்தைக் குறிப்பிடுகிறார். வசதி வந்த தீண்டத்தகாதார் குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கியதைத் தங்கள் மானத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கருதி, சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கினார்கள். குடம் அவர்கள் காசில் வாங்கியது. தண்ணீர் அவர்கள் குடிப்பதற்கு. இருந்தும் அடி விழுந்தது.

1995 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியன்குளத்துக்குள் காவல் படை புகுந்தது. தொலைக்காட்சிகள், மின்விசிறிகள், தையல் இயந்திரங்கள், மிதிவண்டிகள் நொறுக்கப்பட்டன. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களின் கடவுச்சீட்டுகளும் எரிந்தன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டபோதும் இதேதான் நடந்தது. பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் பீரோவாகவும் வண்டியாகவும் நகையாகவும் வீட்டுக்குள் வந்திருந்தது. அதைக் குறி வைத்தே கூட்டம் வந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கள் வீட்டில் மிகுந்து போனதை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று புறப்படும் நல்லெண்ணம், ஒரு வீட்டில் பொருள் மிகுந்ததும் இன்னொரு வீட்டில் இல்லாமல் போனதும் தற்செயல் என்று எடுத்துக்கொள்கிறது. சேரியின் வீடுகளில் பொருள் சேரவில்லை என்பது பாதி உண்மைதான். சேர விடவில்லை, சேர்ந்ததை உடைத்தார்கள் என்பது மீதிப் பாதி.

பழையது யாருக்கு என்ற கேள்வி

உபரியைப் பகிர்வது இன்று ஒரு பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. 2015இன் இறுதியில் ஈரானின் மஷ்ஹத் நகரில் யாரோ ஒருவர் ஒரு சுவரில் கொக்கிகள் அடித்து, வேண்டாதவர் மாட்டிவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் எழுதி வைத்தார். குளிர்காலத்தில் வீடற்றவர்களுக்காகத் தொடங்கிய அந்த யோசனை சில மாதங்களில் பல நாடுகளுக்குப் பரவியது. திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகமே ‘அன்புச் சுவர்’ திறந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை, கொடுத்தலின் வாரம் ஒன்று 2009இலிருந்து நாடு முழுவதும் கொண்டாடப்படுகிறது. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் தோழர்கள் அட்டைப் பெட்டியோடு விடுதி விடுதியாகப் போயிருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன்.

2023 மே மாதத்தில் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரத் துறை ஒரு படி மேலே சென்றது. பழைய துணி, செருப்பு, புத்தகம், பொம்மை முதலியவற்றைச் சேகரிக்கும் மையங்களை நகராட்சிகள்தோறும் திறக்கச் சொன்னது. இந்த இயக்கம் எந்தத் திட்டத்தின் கீழ் நடந்தது என்பதைக் கவனியுங்கள்: தூய்மை இந்தியா திட்டத்தின் கீழ். ஏழைக்குப் போகும் பொருளுக்கான வாசலைக் குப்பை மேலாண்மைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். சமூக நலத் துறைக்கோ, வீடிழந்தோர் மறுவாழ்வுக்கோ அதில் இடமில்லை. அந்த மையங்களில் மூட்டையைப் பிரித்து, கிழிந்ததையும் கிழியாததையும் தரம் பிரிக்கும் கைகள் யாருடையவை என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பொருள் தன்னளவில் இழிவானது என்று நான் சொல்லவில்லை. சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுகளையும் மூத்த மாணவர்கள் கைமாற்றிய புத்தகங்களிலேயே படித்து முடித்தேன். ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எனக்கு முன்னால் நான்கு பேரின் பெயர்கள் இருந்தன. ஐந்தாவதாக என் பெயரை எழுதி ஒரு ஜூனியரிடம் கொடுத்தேன். அதில் ஒரு துளி அவமானமும் இல்லை. ஏனென்றால் கொடுத்தவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எனக்கு வேண்டிய புத்தகத்தை நான் கேட்டு வாங்கினேன். நாளை நானும் கொடுப்பேன் என்பது இருவருக்கும் தெரியும். குழந்தையின் தொட்டில் சொந்தக்காரர் வீடுகளில் சுற்றி வருவதும் அப்படித்தான். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், வாங்குபவர் என்றும் வாங்குபவராகவும் நிலைத்துவிட்ட உறவில்தான் பழைய பொருள் வேறு அர்த்தம் கொள்கிறது.

அந்த அர்த்தத்தை நாம் கற்பனை செய்யவில்லை. அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், பணிவிடை செய்யும் சூத்திரனுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. உண்டு மிஞ்சிய சோறு, உடுத்திப் பழசான துணி, தானியத்தின் பதர், பழைய வீட்டுச் சாமான்கள். கடைசி இனத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள். அதே அத்தியாயம் சண்டாளருக்கு உடைந்த பாத்திரத்தையும் பிணத்தின் ஆடையையும் ஒதுக்குகிறது. சூத்திரன் தன்னால் முடிந்தாலும் செல்வம் சேர்க்கலாகாது என்றும் விதிக்கிறது. சேர்க்கத் தடையும் மிஞ்சியதைக் கொடுக்கும் கடமையும் ஒரே அத்தியாயத்தில், சில செய்யுள்கள் இடைவெளியில் இருக்கின்றன. 1927 டிசம்பர் 25 அன்று மஹாடில் எரிக்கப்பட்ட நூல் இதுதான். அந்த மாநாட்டையொட்டிப் பெண்களிடம் பேசிய அண்ணல், உடுத்தும் முறையையும் உணவையும் பற்றித் தனியே பேசினார் என்பதை இந்தப் பின்னணியில்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

நம் ஊர்களில் இது சாத்திரத்தின் பெயரால் நடக்கவில்லை, வழக்கத்தின் பெயரால் நடந்தது. ஊர்ச்சோறு எடுத்தவர்களின் பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பண்டிகைக்குப் பழைய வேட்டி, சாவுக்குப் பழைய புடவை, அறுவடைக்குப் பிறகு களத்தில் சிந்திய நெல் என்று கூலியின் ஒரு பகுதி எப்போதும் மிச்சமாகவே வந்தது. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி தம் வாழ்க்கை வரலாற்றுக்கு எச்சில் சோற்றைக் குறிக்கும் ‘ஜூட்டன்’ என்ற சொல்லையே தலைப்பாக வைத்தார். கர்நாடகம், கொரகர் மக்கள் மீது திணிக்கப்பட்ட ‘அஜலு’ என்ற இழிவழக்கத்தை ஒழிக்க 2000இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

நகரத்தில் இதன் மிச்சம் வீட்டு வேலை செய்யும் பெண்களின் கூலியில் இருக்கிறது. “மாசச் சம்பளம் இவ்வளவு, அது போகப் பழைய புடவை, சாப்பாடு எல்லாம் கொடுக்கிறோம்” என்று முதலாளி வீட்டார் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஊதியம் பணமாகவே தரப்பட வேண்டும் என்றது. வழக்கத்தில் இருந்தால் மட்டும், அதுவும் அரசு அறிவிக்கை வெளியிட்டால் மட்டும், பண்டமாகத் தர இடமளித்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும் நாணயம், பணத்தாள், காசோலை, வங்கி வரவு ஆகியவற்றையே ஊதியமாக ஏற்கிறது. ஆகவே பழைய புடவை சம்பளத்தின் பகுதியாகாது. அன்பளிப்பு என்றால் அன்பளிப்பாகவே இருக்கட்டும். அதைக் காட்டி ஊதிய உயர்வை மறுக்க முடியாது. தொழிலாளர் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது பெண்கள் சிரிக்கிறார்கள். எவ்வளவு பழைய புடவையைக் கொடுத்தாலும் அந்த வீட்டின் தம்ளரில் தண்ணீர் கொடுப்பதில்லை என்று ஒருவர் சொன்னார். அந்த வீட்டிலிருந்து அவருக்குப் பாத்திரம் வரலாம், அந்த வீட்டுக்குள் அவர் பாத்திரத்தைத் தொட்டுக் குடிக்க முடியாது.

மிக்சியின் வழக்கு

ஏழைகளின் வீட்டுக்குப் பொருள் போவது இந்தச் சமூகத்துக்கு இடைஞ்சலா என்றால், எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2006இல் வந்த அரசு வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. 2011இல் வந்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியது. இரண்டும் தேர்தல் வாக்குறுதிகள். இரண்டிலும் ஊழல் குற்றச்சாட்டுகளும் தரம் பற்றிய புகார்களும் உண்டு. அவற்றைப் பூசி மெழுகும் தேவை எனக்கில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் வரலாற்றில் சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வீட்டுச் சாமான் யாரும் புழங்காததாக, முத்திரை பிரிக்காத பெட்டியில், ஊர்த் தெருவுக்குப் போன அதே பொருளாக, குடும்ப அட்டையைக் காட்டி வரிசையில் நின்று கையெழுத்திட்டு வாங்குவதாக வந்தது இப்படித்தான். கொடுத்தவருக்கு நன்றி சொல்லித் தலைகுனிய வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் எதிராக வாக்களிக்கலாம். பலர் அப்படியே செய்தார்கள்.

இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், சுப்பிரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று வழங்கியது. தேர்தல் அறிக்கையில் சொல்லும் இத்தகைய வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி முறைகேடான செயல் ஆகாது என்றும், தொலைக்காட்சியும் மிக்சியும் வழங்கும் திட்டங்கள் அரசு வழிகாட்டு நெறிமுறைகளோடு தொடர்புடையவை என்றும் அது ஏற்றது. கூடவே, இத்தகைய வாக்குறுதிகள் நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்ற கவலையைத் தெரிவித்து, வழிகாட்டுதல் வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை ‘ரேவடி’ மிட்டாய்க் கலாச்சாரம் என்று கேலி செய்தார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

இலவச மிக்சி மக்களைச் சோம்பேறியாக்கும் என்று எழுதும் அதே கைகள்தான் அக்டோபரில் பழைய மிக்சியைப் பெட்டியில் கட்டுகின்றன. பழைய மிக்சி யாரையும் சோம்பேறியாக்காதா? புதியது உரிமையாக வந்தால் கெடுக்கும், பழையது கருணையாக வந்தால் கெடுக்காது என்ற நம்பிக்கைக்குப் பொருளாதாரத்தில் காரணம் கிடைக்காது. அதன் காரணம் மேலே சொன்ன பத்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

இந்தச் சிக்கலை உணர்ந்து மாற்று தேடியவர்கள் இருக்கிறார்கள். அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, பழைய துணியைத் தானமாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. ஊர் மக்கள் கூடித் தங்களுக்கு வேண்டிய வேலையைத் தீர்மானிக்கிறார்கள். கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள். அதற்கு ஈடாகத் துணியும் வீட்டுப் பொருட்களும் பெறுகிறார்கள். பெறுபவரின் கண்ணியத்தை நடுவில் வைத்த முயற்சி என்ற வகையில் இதை மதிக்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மக்கள் தொட மறுத்துக் குவிந்துகிடந்த பழந்துணி மூட்டைகளை எடுத்துச் சென்று தரம் பிரித்தவர்களும் அவர்கள்தாம். ஆனாலும் வழக்கறிஞராக எனக்கு ஒரு தடை இருக்கிறது. கிணறு வெட்டினால் நூறு நாள் வேலைச் சட்டம் பணக் கூலி தரச் சொல்லியிருந்தது. அதே உழைப்புக்குப் பழைய துணி ஈடாகும் என்றால், நிலவுடைமையாளர் களத்துமேட்டில் சொன்னதிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? அமைப்பின் நோக்கம் அதுவல்ல என்பது தெரியும். கொடுப்பவர் உழைக்க வேண்டியதில்லை, பெறுபவர் மட்டும் தகுதியை நிரூபிக்க உழைக்க வேண்டும் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆழிப்பேரலை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகை, கடலூர்ப் பகுதிகளில் பாதிக்கப்பட்டோர் பட்டியல் மீனவர் குப்பங்களை மையமாக வைத்தே முதலில் எழுதப்பட்டது. வேலையையும் வீட்டையும் இழந்த தலித் விவசாயக் கூலிகள் பல இடங்களில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பாகுபாடு காட்டப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. உடல்களை அகற்ற வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சாலையோரத்தில் பொருள் மலையாகக் குவிந்திருந்த அதே நாட்களில், பொருள் தேவைப்பட்ட குடும்பங்கள் பட்டியலில் இல்லை. உபரி பெருகினால் இல்லாதவருக்குத் தானாக வழிந்து போகும் என்பவர்கள் அந்த வாரங்களை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்

கல்லூரித் தோழர்கள் கேட்பார்கள்: அப்படியானால் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவே கூடாதா? வெள்ளத்தில் நனைந்தவருக்கு முதல் இரவில் போர்வை கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் பேசுவது இரண்டாவது வாரத்தைப் பற்றி, ஐந்தாவது வாரத்தைப் பற்றி.

போகும்முன் அந்தக் குடும்பத்திடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது நம் பெட்டியில் இருக்காது. மாணவர்கள் சேகரிக்கும் பொருளில் துணியே அதிகம். வீடிழந்தவர்கள் கேட்பது தண்ணீர்க் குடம், அடுப்பு, பூட்டு, பள்ளிப் பிள்ளையின் சான்றிதழ் நகல். பூட்டு என்பதை முதன்முறை கேட்டபோது எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. பொருளைத் தெருவில் பரப்பிக் கொடுக்காமல் ஓர் அறையில் அடுக்கி வையுங்கள், வேண்டியதை அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாததை விட்டுவிட்டுப் போகட்டும். படம் எடுக்காதீர்கள். உங்கள் தங்கைக்குக் கொடுக்கத் தயங்கும் பொருளை வண்டியில் ஏற்றாதீர்கள்.

ஆனால் அந்தக் குடும்பம் சட்டப்படி எதைப் பெற வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் ஒரு பெட்டியையும் இறக்காதீர்கள் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். நாம் இறக்கும் பெட்டியைக் காட்டி அரசு தன் கடமையை முடித்துக்கொள்ளும். வன்கொடுமை வழக்கென்றால் 12(4) விதியும் முதலாம் இணைப்பும் இருக்கின்றன. முற்றிலும் எரிக்கப்பட்ட அல்லது இடிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசு தன் செலவில் செங்கல் அல்லது கல் கட்டுமான வீடு தர வேண்டும் என்று அதே இணைப்பு சொல்கிறது. சட்டத்தின் 15ஏ பிரிவு, உணவு, உடை, உறைவிடம், சொத்துச் சேதத்துக்கான தீருதவி ஆகியவற்றுக்கு மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. நிதி இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான துணைத்திட்ட நிதி அந்த மக்களுக்கே செலவிடப்பட வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பாத்திரம் வாங்க அதில் காசில்லை என்று எந்த ஆட்சியரும் எழுத்தில் தரமாட்டார்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாணவர் குழு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்படி ஒரு மனு. கடந்த ஐந்தாண்டுகளில் கூடுதல் தீருதவிக்குத் தகுதி பெற்ற குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் பாத்திரமும் தானியமும் வழங்கப்பட்டவை எத்தனை, எந்தத் தேதியில், எந்த நிதித் தலைப்பில், எந்த விலைப்பட்டியலின்படி? கொள்முதல் ரசீது நகல் வேண்டும். தனியார் அமைப்பு வழங்கியது என்று பதில் வந்தால், அதற்கு அனுமதித்த ஆணையின் நகல் வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரும் பதிலை மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். 17ஆம் விதியின்படி அமைந்த அந்தக் குழுவின் வேலையே இதுதான்.

அந்தத் தாய்க்காக இரண்டாவது மனுவை நாங்கள் அந்த வேன் திரும்பிப்போன மறுநாளே கொடுத்தோம். இம்முறை “பாத்திரங்கள்” என்று மட்டும் எழுதவில்லை. அவரோடு உட்கார்ந்து எழுதிய பட்டியலை இணைத்தோம். தண்ணீர்க் குடம் இரண்டு, சோற்றுக் குண்டான் ஒன்று, குழம்புச் சட்டி ஒன்று, தட்டு ஆறு, தம்ளர் ஆறு, கரண்டி மூன்று, குக்கர் ஒன்று. வீட்டில் இப்போது நான்கு பேர்தானே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வருபவர்களுக்கும் சோறு போட வேண்டும் என்று அவர் சொல்லச் சொன்னார். தட்டு ஆறு என்பதை நாங்கள் மாற்றவில்லை. பட்டியலின் கீழே ஒரு வரி சேர்த்தோம்: மேற்கண்ட அனைத்தும் புதியனவாகவும், பெயர் ஏதும் வெட்டப்படாதனவாகவும் இருக்க வேண்டும்.

பதினோரு வாரம் கழித்து, வழங்கல் உத்தரவு வந்தது. குக்கரை மட்டும் நீக்கியிருந்தார்கள். அதற்கான மேல்முறையீட்டு மனு இப்போது ஆட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது.